மீனின் நடத்தையும் மனிதரின் கணக்கும்

1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி, கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரைக்கு அப்பால், மூடுபனி படர்ந்த கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் காணப்பட்டன. அவற்றில் 155 இலங்கைத் தமிழர்கள் இருந்தனர். ஜெர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த சரக்குக் கப்பல், நடுக்கடலில் அவர்களைப் படகுகளில் இறக்கிவிட்டுச் சென்றிருந்தது. அவர்களைக் கண்டு உயிர் காத்தவர்கள் அந்தக் கரையோரத்துக் கடற்றொழிலாளர்கள். கனடாத் தமிழரின் வரலாற்றில் அந்த நாள் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

அந்தக் கடற்றொழிலாளர்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். அடுத்த ஆறு ஆண்டுகள் நிறைவடைவதற்கு முன்னரே, 1992ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி, கனடிய மத்திய அரசின் மீன்பிடி அமைச்சர் ஜோன் குரொஸ்பி, அத்தீவின் கிழக்குக் கடலிலும் லாப்ரடோர் கரையிலும் கொட் மீன் பிடிப்பதற்குத் தடை விதித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு என்று அறிவிக்கப்பட்ட தடை அது. அதனால் சுமார் 30,000 பேர் தொழில் இழந்தனர். கனடாவின் வரலாற்றில் ஒரே முடிவினால் ஏற்பட்ட மிகப் பெரிய வேலை இழப்பு என்று அது விவரிக்கப்படுகிறது.

உலகின் தேர்ந்த கடல்சார் விஞ்ஞானிகள் பலரைக் கொண்டிருந்த ஒரு நாடு, தனது கடலில் மீன் முடிந்துவருவதை ஏன் உரிய காலத்தில் அறியவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடிய முயற்சி, சமூகவியலின் ஆய்வுமுறைகளையே மறுபரிசீலனை செய்ய வைத்தது. மனிதரை மட்டும் ஆராய்ந்து மனித சமூகத்தைப் புரிந்துகொள்ள முடியுமா என்ற விவாதத்தில் நியூஃபவுண்ட்லாந்து ஒரு முக்கியமான சான்றாக விளங்குகிறது.

மனிதர் மட்டும் இடம்பெற்ற ஆய்வு

அரசறிவியல் படித்த காலத்தில் எமக்குக் கற்பிக்கப்பட்ட முதல் கேள்வி, ஒரு சமூகத்தில் யாருக்கு எது, எப்போது, எவ்வாறு கிடைக்கிறது என்பதாகும். அமெரிக்க அறிஞர் ஹரோல்ட் லாஸ்வெல் 1936இல் அரசியலுக்கு அளித்த இலக்கணம் அது. அந்தக் கேள்வியில் நிலம், நீர், காடு, மீன் ஆகியவை எல்லாம் 'எது' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அவை பங்கிடப்படும் பொருட்கள். பங்கிடுவோரும் பங்கு பெறுவோரும் மனிதர்கள்.

சமூக விஞ்ஞானங்களின் வழக்கமான ஆய்வுக் கருவிகளும் இதற்கேற்பவே அமைந்துள்ளன. வினாக்கொத்து, நேர்காணல், குடிசன மதிப்பீடு, ஆவணக் காப்பகம் ஆகிய அனைத்தும் மனிதர் சொன்னதையும் எழுதியதையும் செய்ததையும் பதிவு செய்பவை. விலங்கையும் தாவரத்தையும் ஆராய்வது உயிரியலாளரின் வேலை என்று விடப்பட்டது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. சூடானின் நுவர் மக்களைப் பற்றி 1940இல் எழுதிய மானிடவியலாளர் எவன்ஸ் பிரிட்சார்ட், மாடுகளைப் புரிந்துகொள்ளாமல் அம்மக்களைப் புரிந்துகொள்ள முடியாது என்பதைக் காட்டினார். எனினும் அத்தகைய ஆய்வுகளில்கூட, விலங்கு மனித சமூகத்தின் பின்னணியாகவே பெரும்பாலும் இடம்பெற்றது.

நியூஃபவுண்ட்லாந்தில் நடந்தது, இந்த வேலைப் பிரிவினையின் இரு பக்கத்தையும் பாதித்தது. உயிரியலாளர்கள் மீனை எண்ணினார்கள். ஆனால் அந்த எண்ணிக்கை மனிதரின் தொழில்நுட்பத்திலும் வணிகத்திலும் எவ்வளவு தங்கியிருந்தது என்பதை உரிய அளவில் கவனிக்கவில்லை. சமூகவியலாளர்கள் மீனவக் கிராமங்களை ஆராய்ந்தார்கள். ஆனால் மீனைக் கணக்கில் எடுக்கும் பொறுப்பை மற்றவர்களிடம் விட்டிருந்தார்கள்.

ஐந்து நூற்றாண்டுத் தொழில்

1497இல் ஜோன் கபோட்டின் கடற்பயணம் இக்கடலின் மீன்வளத்தைப் பற்றிய செய்தியை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றது. அதன் பின்னர் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் கொட் மீனே அத்தீவின் பொருளாதாரமாக இருந்தது. குடாக்களின் ஓரத்தில் அமைந்த சிறு கிராமங்கள், அந்த மீன் கரைக்கு வரும் இடங்களை அடுத்தே உருவாகின.

இங்கு மீனின் வாழ்க்கைமுறையைச் சற்று அறிந்துகொள்வது அவசியம். இந்த வடபகுதிக் கொட் மீன்கள் குளிர்காலத்தில் கரையிலிருந்து வெகு தொலைவில், கண்டத்திட்டின் விளிம்பில் அடர்த்தியான கூட்டங்களாகத் திரள்கின்றன. கோடையில், கப்லின் என்ற சிறிய மீன் முட்டையிடுவதற்காகக் கரையை நாடும்போது, அதை இரையாகத் தேடிக் கொட் மீனும் குடாக்களுக்குள் வருகிறது. கரையோரக் கடற்றொழிலாளர் அதற்காகக் காத்திருந்து, பெட்டி போன்ற பெரிய வலைகளைக் கரையை ஒட்டிக் கட்டுவார்கள். கரையிலிருந்து நீளும் ஒரு வலைச்சுவர் மீனை அப்பெட்டிக்குள் செலுத்தும். யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் சிறகு வலையை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். வலை ஓரிடத்தில் நிற்கும். மீன்தான் அதைத் தேடி வரவேண்டும்.

1950களின் பிற்பகுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து பெரும் இழுவைக் கப்பல்கள் வந்து, குளிர்காலத்தில் மீன் திரளும் இடத்திலேயே அதைப் பிடித்தன. 1968இல் வடபகுதிக் கொட் பிடிப்பு 800,000 தொன்னைத் தாண்டியது. பத்து ஆண்டுகளில், அதாவது 1978இல், அது சுமார் 140,000 தொன்னாகச் சரிந்தது. 1977இல் கனடா 200 கடல்மைல் வரை தனது மீன்பிடி உரிமையை விரிவாக்கி வெளிநாட்டுக் கப்பல்களைப் பெருமளவில் வெளியேற்றியது. மீன்வளம் இனிப் பெருகும் என்ற நம்பிக்கையில் கனடிய நிறுவனங்களின் இழுவைக் கப்பல்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.

கணக்கு பிழைத்த விதம்

1980களில் மத்திய மீன்பிடித் திணைக்களத்தின் விஞ்ஞானிகள் இரண்டு வகைத் தரவுகளைக் கொண்டு மீன்தொகையை மதிப்பிட்டனர். ஒன்று, ஆய்வுக் கப்பல் முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்ட இடங்களில் வலை இழுத்துப் பெறும் மாதிரி. மற்றது, வணிக இழுவைக் கப்பல்கள் ஒரு மணிநேர இழுவையில் எவ்வளவு மீன் பிடிக்கின்றன என்ற கணக்கு. இரண்டாவது கணக்குக்குக் கணிசமான எடை கொடுக்கப்பட்டது. அது ஆண்டுக்கு ஆண்டு நல்ல நிலையைக் காட்டியது.

அதே ஆண்டுகளில் கரையோரத்தில் வேறு செய்தி இருந்தது. வலைகளில் மீன் குறைந்தது. கிடைத்த மீனும் சிறுத்தது. கரையோரப் பிடிப்பு நீரின் வெப்பநிலை, காற்று, கப்லின் வரவு ஆகியவற்றால் ஆண்டுதோறும் மாறக்கூடியது. எனவே அதை மீன்தொகையின் அளவுகோலாகக் கொள்ள முடியாது என்பது விஞ்ஞானிகளின் வாதம். அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது. ஆயினும் கரையோரக் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்று, 1986இல், அதாவது தமிழ் அகதிகள் மீட்கப்பட்ட அதே ஆண்டில், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் மூவரைக் கொண்டு அரசின் மதிப்பீட்டை மறுஆய்வு செய்வித்தது. அரசு மீன்தொகையைக் கூடுதலாகக் கணிக்கிறது என்பதே அந்த ஆய்வின் முடிவு.

1989இன் தொடக்கத்தில் அரச விஞ்ஞானிகளும் தமது முந்தைய மதிப்பீடுகள் மிகைப்பட்டவை என்று அறிவித்தனர். நீண்டகால இலக்குக்கு ஏற்ப, அவ்வாண்டுப் பிடிப்பின் உச்ச அளவு 125,000 தொன் அளவில் இருக்கவேண்டும் என்பது விஞ்ஞானக் கணிப்பு. முந்தைய ஆண்டில் அனுமதிக்கப்பட்ட அளவு 266,000 தொன். அமைச்சு நிர்ணயித்தது 235,000 தொன். ஆலைகளும் வேலைவாய்ப்பும் பாதிக்கப்படும் என்ற அச்சமே காரணம்.

மதிப்பீடு ஏன் மிகைப்பட்டது என்பதற்கான விளக்கம், மீனின் நடத்தையில் இருந்தது. தொகை குறையும்போது கொட் மீன்கள் கடல் முழுவதும் சமமாக அருகிப் போகவில்லை. எஞ்சியவை குறைந்த பரப்பில் நெருங்கித் திரண்டன. மின்னணுக் கருவிகளால் கூட்டத்தைக் கண்டறியும் இழுவைக் கப்பல், அந்தக் கடைசிக் கூட்டத்தைத் தேடிச் சென்று, முன்பு போலவே வலை நிறையப் பிடித்தது. வலை நிறைந்ததால் கடலும் நிறைந்திருப்பதாகக் கணக்குச் சொன்னது. ஓரிடத்தில் காத்திருந்த கரையோர வலையோ, மீனின் பரப்பு சுருங்கியதை முதலில் உணர்ந்தது.

மீனின் திரளும் இயல்பு, கப்பலின் தேடும் கருவி, நிறுவனத்தின் இலாப நோக்கு, திணைக்களத்தின் கணிதம் ஆகிய நான்கும் சேர்ந்தே அந்த எண்ணை உருவாக்கின. இதில் ஏதேனும் ஒன்றை விலக்கிவிட்டு ஆராய்ந்தால் பிழை எங்கிருந்து வந்தது என்பது தெரியாது.

விஞ்ஞானிகளை நேர்கண்ட சமூகவியலாளர்

தடைக்குப் பின்னர் வந்த ஆய்வுகளில் இரண்டு வகை குறிப்பிடத்தக்கவை. முதலாவது வகைக்கு அலன் கிறிஸ்டோபர் ஃபின்லேசன் 1994இல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். அவர் மீன்பிடித் திணைக்களத்தின் விஞ்ஞானிகளையும் நிர்வாகிகளையுமே தமது ஆய்வுக்களமாகக் கொண்டார். ஐயம் நிறைந்த ஒரு மதிப்பீடு, நிர்வாகத்தின் படிகளைக் கடந்து மேலே செல்லச் செல்ல எவ்வாறு உறுதியான எண்ணாக மாறுகிறது என்ற கேள்வியை அது எழுப்பியது.

இரண்டாவது வகை, மெமோரியல் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் பார்பரா நீஸும் அவருடன் இணைந்த உயிரியலாளர்களும் மேற்கொண்டது. கடற்றொழிலாளரின் நினைவை முறையான தரவாக மாற்ற முடியுமா என்று அவர்கள் பார்த்தார்கள். அதற்கான வழிமுறை கவனத்துக்குரியது. முதலில், ஒவ்வோர் ஊரிலும் தொழில் நன்கு அறிந்தவர் யார் என்பதை அவ்வூர்க் கடற்றொழிலாளரிடமே கேட்டுத் தெரிவு செய்தனர். பின்னர் கடல் வரைபடத்தை விரித்து வைத்து, எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வகை மீன் கிடைத்தது என்பதை அவர்களைக் கொண்டே குறிக்கச் செய்தனர்.

அத்துடன் ஒவ்வொருவரின் தொழில் வாழ்க்கையும் படிப்படியாகக் கேட்டறியப்பட்டது. முதல் படகின் நீளம் என்ன? இயந்திரம் எப்போது பொருத்தப்பட்டது? எத்தனை வலைகள் கட்டப்பட்டன? ஒரு வலைக்கு எவ்வளவு மீன் கிடைத்தது? இந்த விடைகளைத் தொகுத்தபோது, பிடிப்பு நிலையாக இருந்த ஆண்டுகளிலும் அதற்காகச் செலவிட்ட முயற்சி கூடிக்கொண்டே போனது தெரியவந்தது. பெரிய படகு, கூடுதல் வலை, தொலைவான இடம் என்று மாறி மாறி, குறைந்துவரும் மீனை அவர்கள் ஈடு செய்திருந்தார்கள். மொத்தப் பிடிப்பை மட்டும் காட்டும் அரசப் புள்ளிவிபரத்தில் இது தெரியாது.

இந்த நேர்காணல்கள் மீனைப் பற்றியும் புதிய செய்திகளைத் தந்தன. நிறத்தையும் உடல்வாகையும் கொண்டு கடற்றொழிலாளர் பலவகைக் கொட் மீன்களை வேறுபடுத்தி அறிந்திருந்தனர். சில கூட்டங்கள் குடாக்களிலேயே தங்கி வாழ்பவை என்றும் கூறினர். லாப்ரடோர் கரையில் உள்ள கில்பர்ட் குடாவில் பொன்னிறக் கொட் மீன் இருப்பதை அங்குள்ள மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். அது மரபணு ரீதியாக வேறுபட்ட தனிக் கூட்டம் என்பது பின்னர் ஆய்வில் உறுதியானது. 2005இல் அக்குடா பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்டது.

1995இல் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. தடை நீடித்த காலத்திலேயே, தெரிவு செய்யப்பட்ட கரையோரக் கடற்றொழிலாளர்கள் வகுக்கப்பட்ட விதிமுறைப்படி வலையிட்டு, பிடிபடும் மீனை அளந்து பதிவு செய்யும் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. முன்பு அளவுகோலாகக் கொள்ள முடியாது என்று ஒதுக்கப்பட்ட கரையோர வலை, இவ்வாறு அரசின் மதிப்பீட்டுக்குள் இடம்பெற்றது.

நினைவின் எல்லை

கடற்றொழிலாளரின் அறிவு எப்போதும் சரி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீன்வள அறிஞர் டானியல் பொலி, 1995இல் ஒரு முக்கியமான பிரச்சினையைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலைத் தொடங்கியபோது கண்ட நிலையையே இயல்பான நிலை என்று கருதிக்கொள்கிறது. அதற்கு முன்னர் இழந்தது அதன் நினைவில் இருப்பதில்லை. தந்தைக்குப் பேரிழப்பாகத் தெரிந்தது மகனுக்கு வழமையாகத் தெரிகிறது. விஞ்ஞானிகளும் இதற்கு விதிவிலக்கல்லர் என்பது அவருடைய கருத்து.

எனவே ஆய்வாளர்கள் மனித நினைவுக்கு அப்பால் உள்ள சான்றுகளையும் தேடினர். அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று, மசாசூசெட்ஸ் மாநிலத்தின் பெவர்லி துறைமுகத்திலிருந்து 1850களில் புறப்பட்ட பாய்க்கப்பல்களின் நாட்குறிப்புகளை ஆராய்ந்தது. தினமும் பிடித்த மீனின் எண்ணிக்கை அவற்றில் எழுதப்பட்டிருந்தது. அதைக் கொண்டு, நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால் உள்ள கடலில் 1852இல் சுமார் 12 லட்சத்து 60 ஆயிரம் தொன் கொட் மீன் இருந்ததாக 2005இல் அக்குழு மதிப்பிட்டது. இன்று எஞ்சியிருப்பது அதன் மிகச் சிறிய பகுதி.

மீனின் உடலும் ஓர் ஆவணமாகப் பயன்படுகிறது. கொட் மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லில், மரத்தின் வளையங்களைப் போன்று ஆண்டு வளையங்கள் பதிகின்றன. மீனின் வயதையும் அது வளர்ந்த வேகத்தையும் அதிலிருந்து அறியலாம். இவ்வாறு மனிதரின் நினைவு, எழுத்து ஆவணம், மீனின் உடல் ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று சரிபார்க்கும்போதே நம்பத்தகுந்த வரலாறு கிடைக்கிறது. கேப் பிரெட்டன் தீவின் மிக்மாக் பழங்குடி மூத்தவரான அல்பேட் மார்ஷல், இத்தகைய அணுகுமுறைக்கு 2004இல் 'இருகண் பார்வை' என்ற பொருள்படும் பெயரை முன்வைத்தார். ஒரு கண்ணால் பழங்குடி அறிவையும் மறு கண்ணால் மேற்கத்திய விஞ்ஞானத்தையும் பார்த்து, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது அதன் சாரம். கனடிய மீன்வள ஆய்வுகளில் இக்கருத்து இப்போது பரவலாகப் பேசப்படுகிறது.

சிப்பியின் பிரதிநிதி யார்?

இதற்கெல்லாம் கோட்பாட்டு அடித்தளம் அமைத்த ஆய்வுகளில் ஒன்று பிரான்சில் பிறந்தது. சமூகவியலாளர் மிஷெல் கலோன் எழுதிய அந்தக் கட்டுரை வெளியானதும் 1986இல்தான். பிரிட்டனி மாகாணத்தின் சான் பிரியூ குடாவில், உணவுக்காகப் பிடிக்கப்படும் ஒரு சிப்பி இனம் அருகிவந்தது. ஜப்பானில் கற்றுவந்த முறையில் அதை வளர்க்க முடியும் என்று மூன்று விஞ்ஞானிகள் நம்பினர். சிப்பியின் குஞ்சுகள் வலைப்பைகளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். குடாவின் மீனவர்கள் அவற்றைப் பிடிக்காமல் விட்டுவைக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளிலேயே திட்டத்தின் வெற்றி தங்கியிருந்தது.

சில சிப்பிக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டன. அவற்றை வைத்து, சிப்பிகள் அனைத்தும் ஒட்டும் என்று விஞ்ஞானிகள் அறிவித்தனர். மீனவர்களின் சில பிரதிநிதிகள் உடன்பட்டனர்; அதை வைத்து, மீனவர் அனைவரும் உடன்படுகின்றனர் என்று கொள்ளப்பட்டது. பின்னைய சோதனைகளில் சிப்பிகள் ஒட்டவில்லை. மீனவர்களோ, நத்தாருக்கு முந்தைய நாள் ஒன்றில், காத்துவைத்த சிப்பிகளை வாரிச் சென்றனர்.

அரசறிவியல் மாணவர்களுக்கு மிகவும் பழக்கமான பிரதிநிதித்துவம் என்ற கருத்தைக் கலோன் இங்கு பயன்படுத்தினார். ஒரு சிலரைக் கொண்டு பலருக்காகப் பேசுவதே பிரதிநிதித்துவம். மீனவர் சங்கத் தலைவரும் அதைச் செய்கிறார்; மாதிரி எடுத்த விஞ்ஞானியும் அதைச் செய்கிறார். இருவரையும் ஒரே கேள்வியால் சோதிக்க வேண்டும்: நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்களோ, அவர்கள் உங்கள் பேச்சுக்கு ஏற்ப நடந்துகொள்கிறார்களா? நியூஃபவுண்ட்லாந்தின் கொட் மீன் அந்தச் சோதனையில் அரசின் விஞ்ஞானத்தைப் பொய்யாக்கியது.

பின்னைய ஆண்டுகளில் இந்தச் சிந்தனை பல கிளைகளாக வளர்ந்தது. 2010இல் 'பல்லுயிர் இனவரைவியல்' என்ற பொருள்படும் பெயர் மானிடவியலில் நிலைபெற்றது. ஜப்பானியர் பெருவிலை கொடுத்து வாங்கும் மட்சுடாகே காளானைப் பின்தொடர்ந்து, அமெரிக்கக் காடுகளில் அதைச் சேகரிக்கும் லாவோஸ், கம்போடிய அகதிகளின் வாழ்வை மானிடவியலாளர் அன்னா சிங் 2015இல் வெளியான நூலில் விவரித்தார். மரங்கள் வெட்டப்பட்டுச் சிதைந்த காடும், போரினால் சிதறிய மனிதரும், ஓர் உலகச் சந்தையும் அந்தக் காளானால் எப்படி இணைக்கப்படுகின்றன என்பது அந்த ஆய்வில் தெரிகிறது.

பொறுப்பு யாருடையது?

இந்த ஆய்வுமுறைக்கு வலுவான எதிர்ப்பும் உண்டு. 1992இலேயே ஹரி கொலின்ஸ், ஸ்டீவன் யர்லி ஆகிய சமூகவியலாளர்கள் ஒரு கேள்வி எழுப்பினர். சிப்பி என்ன செய்தது என்பதை விஞ்ஞானியின் வாய்மொழியாக அல்லாமல் சமூகவியலாளர் வேறு எவ்வாறு அறிவார்? சிப்பிக்கு இடம் கொடுக்கிறோம் என்று சொல்லி, உண்மையில் விஞ்ஞானிகளுக்கே மீண்டும் அதிகாரம் கொடுக்கிறோம் அல்லவா என்பது அவர்களின் வாதம். இதற்கு முழுமையான விடை இல்லை. மீனைப் பற்றிப் பேசுபவர் எப்போதும் ஒரு மனிதரே. அந்த மனிதரின் நலன் என்ன, அவரிடம் உள்ள கருவி எது என்பதையும் ஆய்வு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும் என்பதே நடைமுறையில் கிடைத்துள்ள விடை.

இரண்டாவது எதிர்ப்பு அரசியல் சார்ந்தது. மீன், குளிர்ந்த நீர், கடல்நாய், இழுவைக் கப்பல் ஆகிய எல்லாமே ஒரு விளைவில் பங்கு கொண்டன என்று சொல்லிவிட்டால், தவறு செய்த மனிதர் தப்பிவிடுவார் என்பது அது. நியூஃபவுண்ட்லாந்தில் இது வெறும் கற்பனையான அச்சமாக இருக்கவில்லை. மீன் அழிந்ததற்கு நீரின் குளிர்ச்சி காரணம் என்றும், கடல்நாய்கள் காரணம் என்றும் அக்காலத்தில் வாதிடப்பட்டது. ஜெஃப்ரி ஹச்சிங்ஸ், ரான்சம் மையர்ஸ் ஆகிய விஞ்ஞானிகள் 1994இல் அதை மறுத்து, அளவுக்கு மீறிய மீன்பிடியே முதன்மைக் காரணம் என்றனர். கப்லினின் தொகை 1990களின் தொடக்கத்தில் சரிந்ததும் கொட் மீனின் மீட்சியைத் தாமதப்படுத்தியது என்பது பின்னைய ஆய்வாளர் பலரின் கருத்து.

மீனின் நடத்தை கணக்கைப் பிழையாக்கியது உண்மை. ஆனால் கணக்கு திருத்தப்பட்ட பின்னரும் 125,000 தொன்னுக்குப் பதிலாக 235,000 தொன் என்று எழுதியது மீன் அல்ல. இயற்கையையும் உள்ளடக்கிய ஆய்வு சரியாகச் செய்யப்படும்போது, எது மீனின் இயல்பால் நேர்ந்தது, எது மனிதரின் முடிவால் நேர்ந்தது என்ற இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. அதைச் செய்யத் தவறும் ஆய்வு, அதிகாரத்தில் உள்ளோருக்கு வசதியான மூடுபனியாகிவிடும்.

இழப்பைச் சுமந்தவர்கள் யார் என்பதில் ஐயமில்லை. 1991இன் குடிசன மதிப்பீட்டில் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடோர் மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 568,000. 2001இல் அது சுமார் 513,000. பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வேலை தேடி அல்பேர்ட்டாவுக்கும் ஒன்ராறியோவுக்கும் பலர் சென்றனர். பாடசாலைகள் மூடப்பட்டன, சில கிராமங்கள் வெறுமையாகின.

பாக்கு நீரிணைக்கும் பொருந்தும் கேள்வி

இக்கேள்விகள் தமிழருக்குத் தொலைவானவை அல்ல. தமிழ்நாட்டுக்கும் இலங்கையின் வடக்குக்கும் இடைப்பட்ட பாக்கு நீரிணையில் இழுவைமடித் தொழிலைச் சுற்றி நீடிக்கும் பிணக்கு இதற்கு உதாரணம். போர்க்காலத்தில் வடபகுதிக் கடற்றொழிலாளர் கடலுக்குச் செல்வது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் இழுவைப் படகுகள் அப்பரப்பில் பழகிவிட்டன. 2009இல் போர் முடிந்து வடபகுதியினர் கடலுக்குத் திரும்பியபோது மோதல் கூர்மையடைந்தது. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது.

இப்பிணக்கைப் பற்றிய பொதுவிவாதத்தில் நாம் கேட்பவை பெரும்பாலும் மனிதக் கணக்குகள். எத்தனை படகுகள் பிடிபட்டன, எத்தனை பேர் சிறையில் உள்ளனர், எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பவை அவை. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் துயரம் உள்ளது. ஆனால் இழுவைமடி உழுதுசெல்லும் கடலடியின் நிலை என்ன, இறால் எங்கே வளர்கிறது, கடற்புல் எங்கே அழிந்தது என்பவை அந்த விவாதத்தில் அரிதாகவே ஒலிக்கின்றன. கடற்புல்லை உண்டு வாழும் கடற்பசுவுக்காகப் பாக்கு விரிகுடாவின் இந்தியப் பகுதியில் 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு பாதுகாப்பகத்தை அறிவித்தது. கடற்பசுவுக்கும் இறாலுக்கும் கடல் எல்லைக்கோடு கிடையாது.

இரு கரையிலும் உள்ள முதிய கடற்றொழிலாளரிடம் கடல் வரைபடத்தை விரித்து, எந்த ஆண்டில் எந்த இடத்தில் எது கிடைத்தது என்று கேட்டுப் பதிவு செய்யும் முயற்சி பெரிய செலவு பிடிப்பது அல்ல. இரு தரப்பும் ஒரே மொழி பேசுபவர்கள். மீன்களுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் அதற்குக் காலவரையறை உண்டு. இழுவைமடி வருவதற்கு முந்தைய கடலைக் கண்டவர்கள் குறைந்துவருகிறார்கள்.

முடிவுறாத கணக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு என்று தொடங்கிய நியூஃபவுண்ட்லாந்துத் தடை, இடையிடையே சிறு தளர்வுகளுடன் 32 ஆண்டுகள் நீடித்தது. 2023இல் மத்திய திணைக்களம் தனது மதிப்பீட்டு முறையை மாற்றி, 1954 வரை பின்னோக்கிச் செல்லும் தரவுகளையும் சேர்த்துக்கொண்டது. அதன் விளைவாக மீன்தொகை 'அபாய' நிலையிலிருந்து 'எச்சரிக்கை' நிலைக்கு மாற்றி வகைப்படுத்தப்பட்டது. அந்த ஆண்டில் கடலில் மீன் திடீரெனப் பெருகியதால் நிகழ்ந்த மாற்றம் அல்ல அது. அளவுகோல் மாறியதால் நிகழ்ந்தது.

2024 ஜூன் மாதம் அரசு தடையை நீக்கி, அவ்வாண்டுக்கு 18,000 தொன் பிடிக்க அனுமதித்தது. ஆழ்கடல் இழுவைக் கப்பல்களுக்கும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. கரையோரக் கடற்றொழிலாளரின் தொழிற்சங்கம் அதை வன்மையாகக் கண்டித்தது. மீட்சி உறுதியாகும் வரை மீன் கரையோரத்தவருக்கும் பழங்குடியினருக்குமே உரியது என்பது அதன் நிலைப்பாடு.

மீனைப் பற்றி யாருடைய கணக்கை நம்புவது, அந்தக் கணக்கை வைத்து யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விகள் 1986இல் இருந்தவாறே இன்றும் உள்ளன. ஒரு வேறுபாடு உண்டு. அன்று கரையோரத்தவரின் வலை சொன்ன செய்தியைப் பதிவு செய்ய முறையான வழி எதுவும் இருக்கவில்லை. இன்று அதற்கான ஆய்வுமுறைகள் இருக்கின்றன. எனவே, எமக்குத் தெரியாமற் போய்விட்டது என்று இம்முறை யாரும் கூற முடியாது.